மரப்பால் காயும் அலுமாரி

"ஒரு மரக்கட்டைக்கு இவ்வளவு கதையோ" என்று எங்கள் வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள். இரண்டு வருடமாகக் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதில் சொல்லப்போனால் குரல் உயர்ந்துவிடும். குரல் உயர்ந்தால் "இவளுக்குப் பிரஷர் கூடிப்போச்சு" என்று கதையை மாற்றிவிடுவார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுதிக்கொண்டிருப்பவளிடம் யாரும் நடுவில் தேத்தண்ணி கேட்பதில்லை.

மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் எங்களுடையது மாடி வீடு. மேலே நானும் என் கணவரும் இருக்கிறோம். இவர் பஸ் ஓட்டுகிறார், நான் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிறேன். மகள் படிப்பு, வேலை என்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். கீழே ஒரு படுக்கையறை, ஒரு குசினி, ஒரு பின்னறை உள்ள சின்ன வீடு. அதை வாடகைக்கு விடுவோம். எங்கள் குசினியிலிருந்து கீழே இறங்க உள்ளுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு உண்டு. அதன் கதவுச் சாவி எங்கள் பக்கத்து ஆணியில் தொங்கும்.

அந்த ஜப்பான்காரப் பெண் ஓர் இலையுதிர்காலத்தில் வீடு பார்க்க வந்தாள். இருபத்தாறு வயது. பிரெஞ்சு படிக்க வந்து, கொஞ்சம் பிரெஞ்சும் அதைவிடக் குறைவாக ஆங்கிலமும் வைத்திருந்தாள். நானும் அவளும் பிரெஞ்சில்தான் கதைத்தோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "பின்னறை ஈரமா?"

மொன்றியலில் வீடு வாடகைக்கு விடுகிற எவருக்கும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். ஒரு சொட்டு ஈரம் கிடையாது, பப்படம் காய வைக்கலாம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. நன்றி சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். நான் இருபத்தைந்து வருடமாக வெட்கப்பட்டு மறைத்து வந்த விஷயத்தை அப்போது வெளியே விட்டேன். உண்மையைச் சொன்னால் அந்த மூலை கொஞ்சம் ஈரம்தான், ஓகஸ்டில் சுவர் வியர்க்கும் என்றேன். அவள் சப்பாத்தைத் திரும்பக் கழற்றினாள். அன்றைக்கே வீடு பேசி முடிந்தது.

அவள் மரத்தில் சிலை செய்கிறவள். செதுக்கியதன் மேல் ஒரு மரத்தின் பாலைப் பூசுவாள். நாங்கள் அரக்கு என்று சொல்வது பூச்சியிலிருந்து வருவது. இது அப்படியல்ல, அவர்களுடைய ஊரில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பால். பூசும்போது தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், பிறகு கறுக்கும். வேறெந்தப் பூச்சும் வெயிலிலும் காற்றிலும் காயும். இது ஈரத்தில்தான் காயும். அதற்காகப் பின்னறையில் அவள் பலகையால் ஓர் அலுமாரி அடித்தாள். உள்ளே சுற்றிவர நனைத்த துணிகளைத் தொங்கவிட்டு, சின்னச் சூடு வைத்து, பூசிய பொருளை அதற்குள் வைத்து மூடிவிடுவாள். ஒரு பூச்சு காய்ந்து இறுகியதும் வெளியே எடுத்து, தண்ணீர் தொட்டுக் கரித்துண்டால் உரசி உரசி மட்டமாக்குவாள். பிறகு அடுத்த பூச்சு. இப்படி இருபது, இருபத்தைந்து தடவை. உலகத்துப் பொறுமை எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கீழே கொண்டுவந்து ஒருத்தி இறக்கிவிட்டாள் என்று நான் கார்டெரியில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவள் செதுக்கியது சாமியும் இல்லை, பறவையும் இல்லை. வாசலில் கழற்றிவிட்ட பனிச்சப்பாத்து, தோடம்பழம் நிறைந்த கடைப்பை, இப்படியானவை. மாநகரசபைக்காரர் வீதியோரம் வெட்டிப்போட்ட மரத்தண்டுகளைச் சின்னப்பிள்ளைகள் பனியில் சறுக்குகிற பலகையில் வைத்துக் கயிறு கட்டி இழுத்து வருவாள். அக்கம்பக்கத்தார் யன்னலால் பார்ப்பார்கள். அவள் எல்லோருக்கும் ஒரு போன்ஜூர் சொல்லிக்கொண்டு இழுப்பாள்.

அந்த டிசம்பரில் இவருடைய பிறந்தநாளைக் கொஞ்சம் பெரிதாகச் செய்தோம். அறுபது பேர் வந்தார்கள். எங்கள் வீடுகளில் குளிர்காலக் கொண்டாட்டம் என்றால் எப்படி என்று தெரியும்தானே. வருகிறவர்களின் கோட்டுகளை எல்லாம் வாங்கி வாங்கி அறைக் கட்டிலில் எறிவோம். ஒரு மணித்தியாலத்தில் கட்டில் தெரியாது. அவளையும் கூப்பிட்டிருந்தேன். கோட்டைப் போட்டுவிட்டு வா என்று அறையைக் காட்டி அனுப்பினால் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு முன்னால் அசையாமல் நிற்கிறாள்.

"தங்களுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிப்பார்கள். இல்லாவிட்டால் மற்றவருடையதைப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்த நாள் டெலிபோன் வரும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு கோட்டின் கை இன்னொரு கோட்டின் மேல் விழுந்து கிடந்ததைக் காட்டினாள். "இவர்கள் எல்லோரும் பக்கத்து அறையில் சாப்பிடுகிறார்கள். இங்கே இவர்களுடைய கோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன" என்றாள். நான் முப்பது வருடமாகப் பார்க்கிற கட்டில் அது. ஒரு நாளாவது அதைப் பார்த்ததில்லை என்று அப்போது தெரிந்தது.

அந்தக் கோட்டுக் குவியலை மரத்தில் செதுக்க அடுத்த நாளே தொடங்கிவிட்டாள். குளிர்காலம் முழுவதும் செதுக்கினாள். இரண்டு அரிசி மூட்டையைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும். தலைமூடி மடிந்து கிடக்கிற கோட்டு, பொத்தான் கழன்ற கோட்டு, ஒரு சின்னப்பிள்ளையின் கையுறை நூலில் தொங்குகிறது. என்னுடைய பழைய நீலக் கோட்டின் கிழிந்த பொக்கற்றைக்கூட விடவில்லை. கோடையிலிருந்து அடுத்த ஜனவரி வரைக்கும் பால் பூசினாள். ஒவ்வொரு பூச்சிலும் அந்தக் கறுப்பு ஆழமாகிக்கொண்டே போனது. குனிந்தால் முகம் தெரிந்தது.

இதை அவள் சும்மா செய்யவில்லை. நகரத்தில் ஒரு சிற்பக்கூடம் அவளுடைய வரைபடங்களைப் பார்த்து, பெப்ரவரிக் கண்காட்சியில் இந்தக் கோட்டுக் குவியலுக்கு நடு இடம் கொடுத்திருந்தது. அது அவளுடைய முதல் கண்காட்சி. மே மாதத்தோடு அவளுடைய விசா முடிகிறது. இதைக் காட்டினால் இன்னொரு கூடம் கூப்பிடலாம், கூப்பிட்டால் விசாவை நீட்டக் கேட்கலாம். இல்லாவிட்டால் ஊருக்குப் போய்த் தகப்பனின் கடையில் கோப்பைகளுக்குப் பால் பூச வேண்டும். அதை அவள் கவலையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

இப்போது இவருடைய கதைக்கு வருகிறேன். ஜனவரியில் கீழ்வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று திருத்தப் போனவர், போன வேலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டியதுதானே. அவள் பால் வடித்து வைத்திருந்த கண்ணாடித் தட்டில் விரலை வைத்திருக்கிறார். ஏன் வைத்தீர்கள் என்று கேட்டால், "காய்ஞ்சிட்டுதோ எண்டு பாத்தனான்" என்கிறார். அந்த விரலால் கண்ணையும் கசக்கியிருக்கிறார். மூன்றாம் நாள் கை முழுக்கக் கொப்புளம், கண்ணிமை வீங்கி இட்டலி ஆகிவிட்டது.

எனக்குப் பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மரத்தில் ஏறி மாங்காய் பிடுங்கி, காம்பை உடைத்து, பால் வழிய வழியக் கடித்தவர்களுக்கு உதட்டோரத்தில் வருமே, அதே புண்தான். மருந்துக்கடைப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள். மாமரம், முந்திரி, இந்தப் பால்மரம் எல்லாம் ஒரே குடும்பமாம். களிம்பு தந்து, பத்து நாளில் போய்விடும் என்றாள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எந்தக் கதை அதோடு முடிந்திருக்கிறது? இவருடைய அக்கா, என் மச்சாள், நகரத்துக்கு மேற்கே டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கிறார். இவரைக் கனடாவுக்கு எடுப்பித்தவர் அவர். இவர் என்னை எடுப்பித்தார். ஆகவே முப்பது வருடமாக அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டுக் காரை நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார். அந்த வெள்ளி வந்தவர், தம்பியின் கண்ணைக் கண்டதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஐயோ, உவன்ர கண்ணைப் பார். ஆர் வந்து போனது வீட்டுக்கு?"

"ஒருத்தரும் வரேல்லை மச்சாள். உது கீழ அந்தப் பிள்ளை பூசிற பால் பட்டது. மாங்காய்ப்பால் மாதிரித்தான். மருந்துக்கடையிலயும் சொன்னவை."

"மருந்துக்கடையில என்ன தெரியும்? முப்பது வருசமா ஒரு தும்மல் வராதவனுக்கு இப்ப என்னண்டு வந்தது?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "கீழ கறுப்பா ஏதோ ஆள் மாதிரிக் கிடக்காம். இவன் சொன்னவன்."

"ஆள் இல்லை மச்சாள், கோட்டு. கோட்டுகளைக் குவிச்சு வச்ச மாதிரிச் செதுக்கியிருக்கிறாள்."

"ஆளில்லாத உடுப்பை ஒருத்தி ஏன் கறுப்பில செதுக்க வேணும்? கேட்டனீரோ அதை?"

செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துத் தம்பியைச் சுற்றிக் கண்ணூறு கழித்து அடுப்பில் போட்டார். இருமி இருமி எனக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. இவரோ வீங்கிய கண்ணோடு பச்சைப்பிள்ளை மாதிரி நாற்காலியில் இருந்து கழிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வேலை, நல்ல சம்பளம், ஐம்பத்தாறு வயது. அடுத்த கிழமை வீடு முழுக்கச் சாம்பிராணி போட வேண்டும், நான் வந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மச்சாள் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அவள் கடைசிப் பூச்சுப் பூசினாள்.

கடைசிப் பூச்சு மற்றவை மாதிரி இல்லை. அதன் மேல் உரசல் கிடையாது. எப்படிக் காய்கிறதோ அப்படியேதான் இருக்கும். ஒரு தூசி விழுந்தாலும் நாசம். அதற்கு முதல் நாள் அவள் பின்னறைச் சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தாள். கம்பளி உடுப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடியைத் துணியால் இறுகக் கட்டி, மறுநாள் காலையில் ஆறு மணித்தியாலம் வாய் திறக்காமல் பூசினாள். வாய் திறந்தால் எச்சில் தெறிக்குமாம். முடித்து அலுமாரியை மூடிவிட்டு மேலே ஏறி வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் கண் சிரித்தது.

"நாளைக் காலை வரை யாரும் திறக்கக் கூடாது. நானும்தான். இங்கே இருந்தால் திறந்து பார்க்க ஆசை வரும். அதனால் இன்றைக்குச் செயின்ட்-மிஷேலில் தோழி வீட்டில் தூங்கப் போகிறேன்" என்றாள்.

"நான் இருக்கிறேன். போய்விட்டு வா" என்றேன்.

இந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

பொழுதுபட மச்சாள் வந்தார். சாம்பிராணி, கரித்துண்டு, சட்டி எல்லாம் பையில். இங்கே சாம்பிராணி போடுகிற முறை தனி. முதலில் கதிரையில் ஏறிப் புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் தெருவே கூடிவிடும். இவர் ஏறிக் கழற்றினார். மச்சாள் கரியை மின்சார அடுப்பில் சிவக்க வைத்துச் சட்டியில் இட்டு, சாம்பிராணியைத் தூவி, காலண்டர் மட்டையால் விசுக்கிக்கொண்டு புறப்பட்டார். சாமியறை, முன்னறை, எங்கள் அறை, மகளின் அறை. அவர் அலுமாரிகளையும் விடமாட்டார். உடுப்பு அலுமாரியைத் திறந்து, உள்ளே சட்டியை நீட்டி, நாலு விசுக்கு விசுக்கித்தான் மூடுவார். மூலைமுடுக்கில் ஒன்றும் ஒளிந்திருக்கக் கூடாதாம்.

நான் குசினியில் உழுந்து வடை பொரித்துக்கொண்டிருந்தேன். கீழே வேண்டாம் என்று மச்சாள் வந்தவுடனேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் கோயிலில் யார் யாரோடு கதைக்கவில்லை என்று தொடங்கிவிட்டார். மேல்வீட்டோடு நிறுத்துவார் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். அப்போது எனக்குப் பின்னால் ஆணியிலிருந்து சாவி எடுக்கிற சத்தம் கேட்டது. படிக்கதவு திறந்தது. மச்சாளின் காலடி கீழே இறங்கியது.

ஓடிப்போய் மறித்திருக்கலாம். பதினாலு படி. பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன். "மச்சாள், நில்லுங்கோ" என்றால் போதும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில், தம்பியின் நோய்க்குச் சாம்பிராணிச் சட்டி தூக்கிப் போகிறவரை எதிரே நின்று மறித்தவள் என்று ஒரு பெயர் வரும். அந்தப் பெயர் டொலார்டிலிருந்து டொரொன்டோ வரை போகும். எண்ணெயில் வடை கருகப் பார்த்தது. வடையைத் திருப்பினேன்.

மச்சாள் மேலே வந்து சட்டியைக் கழுவுதொட்டிக்குள் வைத்தார். "நல்லாக் காட்டிப்போட்டன். அந்த அறையில ஒரு அலுமாரி, உள்ளுக்கு ஈரத்துணியெல்லாம் தொங்குது, நாத்தம். நல்லா விரியத் திறந்து காட்டினனான். அதுக்குள்ளதான் கிடக்குது அந்தக் கறுப்புச் சாமான். பாக்கவே நெஞ்சு திக்கெண்டுது."

இவர் வடையைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இவரைப் பார்த்தேன். இவர் வடையைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை கீழே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டாள். போனேன். அலுமாரி திறந்திருந்தது. டோர்ச்சைச் சரித்துப் பிடித்துக் காட்டினாள். முகம் தெரிகிற அந்தக் கறுப்பு முழுக்கச் சாம்பல் பொட்டு. கழுவின கரும்பலகையில் சோக்குத்தூள் விழுந்தமாதிரி, மடிப்பு மடிப்பாக, அந்தச் சின்னக் கையுறையில்கூட. எல்லாம் பாலோடு சேர்ந்து இறுகியிருந்தது.

"யாராவது திறந்தார்களா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். உடனேயே, "எனக்குத் தெரியாது" என்றும் சொன்னேன். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு பதில். அவள் கவனிக்கவில்லை. சாம்பிராணி மணம் அவளுக்குப் புதிதில்லை, வெள்ளி தோறும் எங்கள் வீட்டிலிருந்து கீழே இறங்குகிற மணம்தான். அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். குழாய் போகிற இடத்தில் விரலளவு இடைவெளி இருந்தது. "இதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். இதால்தான் விழுந்திருக்கிறது. என் பிழை" என்றாள். கதிரையில் ஏறி, அந்த இடைவெளிக்குள் துணியைத் திணித்தாள். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருந்தது. சாம்பல் விழுந்த பூச்சு நன்றாக இறுகி, அதை உரசி எடுத்து, திரும்பப் பூசிக் காய மூன்று கிழமை வேண்டும். சிற்பக்கூடத்துக்கு டெலிபோன் எடுத்தாள். அவர்கள் மிகவும் மரியாதையாக, மிகவும் வருத்தத்தோடு, நடு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாமாம். அடுத்த வருடம் அவள் எங்கே இருப்பாள் என்று கேட்டார்களா? ஒரு வருடத்துக்கு மேல் ஒருத்தி முதுகு ஒடியச் செய்ததற்கு மூன்று கிழமை பொறுக்க முடியாத கூடம் என்ன கூடம்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்களுக்கு நானே எடுத்துப் பேசியிருப்பேன். எந்த வாயோடு பேசுவது என்றுதான் தெரியவில்லை.

அந்த ஆத்திரத்தை வீட்டில் கொட்டினேன். "உங்கட அக்காவுக்குச் சொல்லுங்கோ. அவ வந்து அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்க வேணும்" என்றேன்.

"அக்கா வேணுமெண்டு செய்தவவே? எனக்காகத்தானே செய்தவ. சொன்னால் மனம் நொந்துபோவா. விடும்."

"இவளின்ர மனம்?"

"அந்தப் பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையே. நீர்தான் துள்ளுறீர். ஒரு மரக்கட்டைக்கு இவ்வளவு கதையோ."

அன்றைக்குத்தான் அந்த வசனம் பிறந்தது. அந்தக் கிழமை முழுவதும் எங்கள் குசினிப் பாத்திரங்கள் என்னிடம் பட்ட பாடு கொஞ்சமில்லை. சட்டிகளை அடித்து வைத்தேன். மச்சாள் எடுத்த டெலிபோனுக்கு வாய்க்குள்ளே முணுமுணுத்துவிட்டு வைத்தேன். இரவில் படுத்தால் மச்சாளோடு சண்டை பிடித்து, நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே வென்றேன். காலையில் எழுந்து மாடியால் இறங்கும்போது அவள் பின்னறை வெளிச்சம் எரியும். கரித்துண்டு உரசுகிற சத்தம் கேட்கும். யாருக்காக உரசுகிறாள் என்று தெரியாமல் உரசிக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு மத்தியானம் மச்சாள் தம்பியின் கண் எப்படி என்று பார்க்க வந்திருந்தார். வீக்கம் முற்றாக வற்றியிருந்தது. "பாத்தீரே, சாம்பிராணி போட்டது வீண்போகேல்லை" என்று எனக்குச் சொன்னார். களிம்பு மூன்று குழாய் முடிந்த கதையை நான் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் படிக்கதவைத் தட்டினாள்.

நல்ல உடுப்பு உடுத்தியிருந்தாள். கையில் தாளில் அழகாகச் சுற்றிய ஓர் இனிப்புப் பெட்டி. இவருக்கு முன்னால் வந்து, இடுப்புவரை குனிந்து, பிறகு மூத்தவர் என்று மச்சாளுக்கும் குனிந்தாள். தன் பிரெஞ்சை ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. மச்சாளுக்குப் பிரெஞ்சு வராது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

"என் வேலையால் இவருக்கு நோவு வந்தது. முன்னமே வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வேலை நெருக்கியதால் பிந்திவிட்டேன். உங்கள் வீட்டுக்குள் ஆபத்தான பொருளைக் கவனமில்லாமல் வைத்திருந்தேன். கவனமில்லாதவள் என்பதால்தான் என் வேலையும் கெட்டுப்போனது. தயவுசெய்து மன்னியுங்கள்" என்றாள். பெட்டியை இரண்டு கையாலும் மேசையில் வைத்தாள்.

நான் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்லை, பரவாயில்லை" என்றார். மச்சாள் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டார். முகத்தில் ஒரு பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது.

"சின்னப் பிள்ளைதானே. தெரியாமல் செய்திட்டாள். இனி உந்தக் கறுப்புச் சாமான்களை வீட்டுக்குள்ள வச்சிருக்க வேண்டாமெண்டு சொல்லும். நாங்கள் மன்னிச்சிட்டமெண்டும் சொல்லும்."

நாங்கள் மன்னித்துவிட்டோமாம். அவள் நிமிர்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நான் மொழிபெயர்க்கப் போவதை எதிர்பார்த்து. போதும், இனி ஒரு நிமிடம்கூட இந்த அநியாயத்துக்கு நான் வாய் வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தேன். மச்சாளைக் கையால் காட்டி, கார்டெரியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற அதே தெளிவான பிரெஞ்சில் சொன்னேன்.

"உன் அலுமாரியைத் திறந்தது இவர். அந்த வெள்ளிக்கிழமை. நெருப்புச் சட்டியோடு கீழே போய், கதவை விரியத் திறந்து, உள்ளே புகை காட்டினார். அந்தச் சாம்பல் கூரையால் விழவில்லை. நீ மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. இவர்தான் உன்னிடம் கேட்க வேண்டும்."

சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. பத்து நாளாக மனதுக்குள் நடத்திய சண்டையை வெளியே நடத்தி வென்றுவிட்டேன் என்றே இருந்தது. அவள் திரும்பி மச்சாளை ஒரு பார்வை பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் மச்சாளின் பக்கம் திரும்பவேயில்லை.

"நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

"இங்கே. குசினியில்."

"அவர் இறங்கியது உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டது."

"சனிக்கிழமை காலை நான் உங்களிடம் கேட்டேன்."

"ஓம்" என்றேன். பிரெஞ்சு வரவில்லை. அவளுக்கு விளங்கியது.

அவள் குரல் உயரவில்லை. பிழையில்லாத சின்ன வசனங்களாகச் சொன்னாள். "திறந்தவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்." மேசையிலிருந்த இனிப்புப் பெட்டியை, வைத்த மாதிரியே இரண்டு கையாலும் எடுத்தாள். யாருக்கும் குனியவில்லை. படிக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

"இதென்ன, குடுத்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோகுது?" என்றார் மச்சாள். "என்ன சொன்னனீர் அவளுக்கு? என்னை ஏன் கையால காட்டினனீர்?"

இவர் "ஒண்டுமில்லை அக்கா" என்று தொடங்கினார். "நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றேன். மச்சாளுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஈரத்தில் காய்கிற பாலை, கடைசிப் பூச்சை, காலண்டர் மட்டையால் பறந்த சாம்பலை, கை விட்டுப்போன கண்காட்சியை, மே மாதத்தில் முடிகிற விசாவை. குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டேன். அவர் முகம் மெல்ல மெல்லச் சுருங்குவதைக் கண்டேன். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு காலத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"பிள்ளையின்ர ஒரு வருச வேலையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"நான் கீழ இறங்கேக்க உமக்கு இதெல்லாம் தெரியுமோ?"

"தெரியும்."

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நீர் ஏன் என்னை மறிக்கேல்லை?"

முப்பது வருடத்தில் மச்சாள் என்னிடம் கேட்டதில் நியாயமான கேள்வி அது ஒன்றுதான்.